மருந்தின் ஆசிரியர் யார்? நீரிழிவு மூலிகைகள் பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

இலக்கிய வரலாற்றைப் பயில்வோர் ஒரு நூலைக் கையிலெடுத்ததும் எழுப்பும் முதல் வினாக்களுள் ஒன்று, அதன் ஆசிரியர் யார் என்பதாகும். அவ்வினாவுக்குரிய விடை எப்பொழுதும் ஒரு தனிமனிதரின் பெயராக அமைந்துவிடுவதில்லை. வாய்மொழிப் பாடலொன்றை எடுத்துக்கொண்டால், அதனைப் பாடியோர், பாடுந்தோறும் மாற்றியோர், ஏட்டிலே பொறித்தோர், அச்சிலே பதித்தோர் எனப் பலர் அதன் ஆக்கத்திற் பங்குகொண்டிருத்தலைக் காணலாம். எனினும் ஈற்றில் ஒருவர் பெயரே நூலின் முகப்பில் நிலைத்துவிடுகின்றது. யாருடைய பெயர் நிலைக்கின்றது, யாருடைய பெயர் மறைகின்றது என்பது தற்செயலாக நிகழ்வதன்று. அது சமூக உறவுகளினால் நிர்ணயிக்கப்படுவதாகும்.

இதே வினாவை மருந்தொன்றைக் குறித்தும் எழுப்புதல் இயலும் என்பதே இக்கட்டுரையின் அடிப்படை எண்ணமாகும். எமது துறை இலக்கியமேயன்றி மருத்துவமன்று. ஒரு மூலிகை நோயைத் தீர்க்குமா தீர்க்காதா என்று தீர்ப்புரைக்கும் தகுதி எமக்கில்லை. ஆனால் அம்மூலிகை பற்றிய அறிவு எங்கே தோன்றியது, எவ்வாறு எழுத்தாயிற்று, எவ்வாறு ஆய்வுகூடத்தை அடைந்தது, இறுதியில் யாருடைய உடைமையாயிற்று என்பன வரலாற்று வினாக்கள். நீரிழிவு என்றும் மதுமேகம் என்றும், யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கிலே சலரோகம் என்றும் கூறப்படும் நோய் இத்தகைய ஆய்வுக்கு மிகவும் பொருத்தமானது. இலங்கையில் 2005-06 ஆம் ஆண்டு ஆய்வின்படி வளர்ந்தோருள் 10.3 சதவீதத்தினர் இந்நோயுடையோராயிருந்தனர். 2018-19 இல் மேற்கொள்ளப்பட்ட பிறிதோர் ஆய்வு, கணிப்பு முறையிற் சில வேறுபாடுகளுடன், ஏறத்தாழ 23 சதவீதம் எனக் கண்டது. கோவையிலையையும் பாகற்காயையும் வெந்தயத்தையும் நாடாத நீரிழிவு நோயாளரை எமது கிராமங்களிற் காண்பதரிது. ஆகலின் இஃது ஏட்டளவில் நின்றுவிடும் பிரச்சினையன்று.

ஈண்டு மூன்று செடிகளைச் சிறப்பாக எடுத்துக்கொள்கின்றோம். ஒன்று, வேலிகளிலே தானாகப் படரும் கோவை. இரண்டாவது, சிறுகுறிஞ்சா. மூன்றாவது, இலங்கையின் ஈரவலயக் காடுகளிலும் தென்னிந்தியாவிலும் வளரும், சிங்களத்திலே கொத்தல ஹிம்புட்டு எனவும் தமிழிலே பொன்கொரண்டி, கடலழிஞ்சில் எனவும் வழங்கும் கொடி. இவற்றோடு ஒப்புநோக்கும் பொருட்டு ஐரோப்பியச் செடியொன்றின் வரலாற்றையும் சுருக்கமாகத் தருகின்றோம்.

1. நூல்களும் வர்க்கமும்

பழைய மருத்துவ நூல்களை அணுகும்பொழுது ஓர் எச்சரிக்கை வேண்டும். வடமொழி நூல்கள் ‘பிரமேகம்’ என்ற பெயரிலே இருபது வகை நோய்களைத் தொகுத்துக் கூறுகின்றன. மதுமேகம் அவற்றுள் ஒன்று. சித்த மருத்துவ நூல்கள் ‘மேகம்’ எனக் கூறுவன யாவும் இன்று நாம் நீரிழிவு என்பதனோடு ஒன்றல்ல. எனவே ‘மேகத்துக்கு நன்று’ என ஓரேட்டிற் காணப்படும் செடியையெல்லாம் நீரிழிவு மருந்தென முடிவுகட்டுதல், சங்கச் செய்யுளொன்றிலே இக்காலக் கருத்தொன்றைக் கண்டுவிட்டதாக மகிழ்வதை ஒக்கும். சொல்லின் வரலாற்றை நோக்காது பொருளை முடிவு செய்தல் தவறு.

இவ்வெச்சரிக்கையை மனங்கொண்டு நோக்கினும் சுசுருதர் பெயரில் வழங்கும் சங்கிதை வியக்கத்தக்க அவதானிப்புகளைத் தருகின்றது. பிறவியிலேயே வருவதொன்று, தகாத உணவினாலும் வாழ்முறையினாலும் வருவதொன்று என அது நோயை இரண்டாகப் பிரிக்கின்றது. முன்னையோர் மெலிந்தோர், பின்னையோர் பருத்தோர், உண்பதிலும் உறங்குவதிலும் விருப்புடையோர். இப்பாகுபாடு இக்கால மருத்துவத்தின் இரு வகைப் பிரிவினை நினைவூட்டுவதாகப் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர். ஆயின் எமது கவனத்தை ஈர்ப்பது பிறிதொன்று. அந்நூல் செல்வர்க்கொரு சிகிச்சையும் வறியவர்க்கொரு சிகிச்சையும் கூறுகின்றது. பொருளற்ற நோயாளி செருப்பும் குடையுமின்றி, பிச்சையேற்றுண்டு, நூறு யோசனை தூரம் நடத்தல் வேண்டும். அன்றிக் கிணறு தோண்டுதல் வேண்டும். அன்றிப் பசுக்களின் பின்னே திரிதல் வேண்டும். மருந்துச் சரக்குகளைப் பெறும் வசதியற்றவனுக்கு உழைப்பே மருந்தாக விதிக்கப்படுகின்றது. இன்று வைத்தியர்கள் வசதி படைத்த நோயாளருக்கே நடைப்பயிற்சியை வற்புறுத்துகின்றனர் என்பதை எண்ணும்பொழுது, வறியவனுக்குக் கூறப்பட்டதே சிறந்த சிகிச்சையோ என்னும் ஐயம் எழுதல் இயல்பே. மருந்து பற்றிய நூலெதுவும் வர்க்கத்திற்கு அப்பாற்பட்டதன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பண்டைய இந்தியாவின் இயற்கை விஞ்ஞானப் போக்குகளுள் மருத்துவமே முதன்மையானது என்றும், அதன் நூல்களிலே பொருள்முதல்வாத அவதானிப்பும் அதற்கு மாறான கருத்தியலும் அடுக்கடுக்காகப் படிந்துள்ளன என்றும் தேவிபிரசாத் சட்டோபாத்தியாய 1977 இல் வெளியான தமது ஆய்விலே வாதிட்டார். நோயாளியைத் தொட்டும், பிணத்தை அறுத்தும், எல்லாக் குலத்தாரோடும் பழகியும் அறிவு தேடிய வைத்தியரைத் தருமசாத்திரங்கள் இழிந்தோராகக் கொண்டமையை அவர் சுட்டிக்காட்டினார். சிறுநீரை எறும்பு மொய்த்தலைக் கண்டு நோயை அறிந்தவன் வேதத்தை ஓதியறிந்தவனல்லன். தரையை உற்று நோக்கியவன்.

ஈழத்து மரபிலும் ஆசிரியர் பற்றிய வினா இவ்வாறே எழுகின்றது. யாழ்ப்பாண அரசர் காலத்து மருத்துவத்தைக் கூறும் நூல்களாக எமக்குக் கிடைப்பன செகராசசேகரம், பரராசசேகரம் என்பன. இரண்டும் ஆரியச் சக்கரவர்த்திகள் மாறிமாறிச் சூடிய அரியணைப் பெயர்களைத் தாங்கியவை. மூலிகையைக் காட்டிலே தேடியவன், வேரைத் தோண்டியவள், கைமுறையைத் தந்தையிடமிருந்து கேட்டு மகனுக்குச் சொல்லிய பரியாரி ஆகியோருள் எவர் பெயரும் நூற்பெயராகவில்லை. மன்னன் பெயரே நிலைத்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஏழாலை ஐ. பொன்னையா அவர்கள் ஏடுகளைத் தேடித் தொகுத்துப் பரராசசேகரத்தைப் பதிப்பித்திராவிடின் அந்நூற் செய்திகளும் அழிந்திருத்தல் கூடும். அரசனின் பெயர் நூலுக்குப் பெருமை தந்தது. ஆனால் அறிவு அரசனுடையதன்று.

2. குடியேற்றவாதமும் தாவரவியலும்

ஐரோப்பியரின் வருகையோடு இவ்வறிவு புதியதொரு கட்டத்தை அடைகின்றது. கொச்சியின் ஒல்லாந்த ஆளுநராயிருந்த வான் ரீட் தொகுப்பித்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ 1678 முதல் 1693 வரை அம்ஸ்ரர்டாமிலே பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. அதன் முதற்றொகுதியிலே, செடிகள் பற்றிய செய்திகளை வழங்கிய இட்டி அச்சுதன் என்னும் ஈழவ வைத்தியரின் வாக்குமூலம் அச்சிடப்பட்டுள்ளது. கள்ளிறக்குங் குலத்தைச் சேர்ந்த வைத்தியரொருவரின் குடும்ப ஏட்டிலிருந்த அறிவு, ஐரோப்பிய விஞ்ஞானத்தின் அடிப்படை நூல்களுள் ஒன்றிற் சேர்ந்த வரலாறு அது. அச்சுதன் பெயர் அங்கே இடம்பெற்றமை விதிவிலக்காகும். அதே காலப்பகுதியில், 1670 களில், இலங்கையிலே செடிகளைச் சேகரித்த போல் ஹெர்மானின் தொகுப்பைக் கொண்டு லினேயஸ் 1747 இல் ‘புளோரா செய்லானிக்கா’வை எழுதினார். அச்செடிகளை ஹெர்மானுக்குக் காட்டிக்கொடுத்த இந்நாட்டு மக்கள் அத்தலைப்பில் நாட்டின் பெயருள்ளே மறைந்துவிட்டனர்.

பிரித்தானியர் ஆட்சியிலே தாவரவியல் பெருந்தோட்டப் பொருளாதாரத்தின் துணைக்கருவியாயிற்று. பேராதனைத் தாவரவியற் பூங்கா 1821 இல் நிறுவப்பட்டது. 1861 இல் ஹக்கலையில் சிங்கோனா பயிரிடுவதற்கான தோட்டம் தொடங்கப்பட்டது. சிங்கோனாப் பட்டையிலிருந்து பெறப்படும் குயினைன் மலேரியாவுக்கு மருந்து. மலேரியா படையினரை வீழ்த்தியது. தோட்டத் தொழிலாளரைப் படுக்கையிற் கிடத்தியது. அதாவது பேரரசின் காவலையும் உற்பத்தியையும் நேரே தாக்கியது. எனவே ஓர் அரசு தனது நிலத்தையும் பணத்தையும் இரசாயன அறிஞரையும் ஒரே மரத்தின் பட்டைக்காக ஈடுபடுத்திற்று. நீரிழிவுக்கு அந்நிலை வாய்க்கவில்லை. பிரித்தானிய மருத்துவச் சங்கம் 1907 இல் வெப்பவலய நாடுகளில் நீரிழிவு பற்றி விவாதித்தபொழுது, கல்கத்தாவின் படித்த, உட்கார்ந்து தொழில் செய்யும் வகுப்பாரின் நோயாகவே அது பெரிதும் பேசப்பட்டது. தோட்டக் கூலியின் கையைத் தடுக்காத நோய்க்காகக் குடியேற்ற அரசு தோட்டம் அமைக்கவில்லை.

சிறுகுறிஞ்சாவின் வரலாறு இதனை நன்கு விளக்கும். அதன் இலையை மென்றால் சிறிது நேரம் இனிப்பை உணரமுடியாது. வட இந்தியாவில் அது ‘குர்மார்’, அதாவது சர்க்கரையை அழிப்பது எனப் பெயர்பெற்றமை இதனாலேயாம். எட்ஜ்வேர்த் என்னும் ஆங்கில அதிகாரி இப்பண்பினை 1847 அளவிலே ஆங்கில விஞ்ஞான உலகுக்கு அறிவித்தார். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1887 இல், டேவிட் ஹூப்பர் அவ்விலையிலிருந்து ‘ஜிம்னீமிக் அமிலம்’ எனப்படுவதைப் பிரித்தெடுத்தார். ஹூப்பர் வகித்த பதவியை ஈண்டு கருதல் வேண்டும். உதகமண்டலத்திலே சென்னை அரசாங்கத்தின் சிங்கோனாத் தோட்டங்களுக்கான குயினைன் இரசாயனவறிஞராக அவர் பணியாற்றினார். குயினைனுக்காக நிறுவப்பட்ட ஆய்வுகூடத்தின் ஓய்வு நேரத்தில், அதன் ஒரு மூலையில், சிறுகுறிஞ்சாவுக்கும் இடங்கிடைத்தது எனலாம். 1930 இல் பம்பாயில் மஸ்கரும் கையஸும் அச்செடி பற்றி விரிவான ஆய்வறிக்கையொன்றை வெளியிட்டனர். சென்னையிலே நோயாளரிடையே நிகழ்ந்த முக்கியமான ஆய்வு 1990 இல் வெளியாயிற்று. வழமையான மாத்திரைகளோடு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் இலைச்சத்தினை 18 முதல் 20 மாதங்கள் உட்கொண்ட 22 நோயாளரின் குருதிச் சர்க்கரை குறைந்தது. அவருள் ஐவர் மாத்திரையை நிறுத்தக்கூடிய நிலையினை அடைந்தனர் என அது கூறியது. நம்பிக்கையூட்டும் முடிவே. ஆயின் வெற்று மருந்து பெற்ற தொகுதியொன்றோடு ஒப்பிடப்படாத, சிறிய ஆய்வு அது. 1847 இலிருந்து 1990 வரை கழிந்த காலம் செடியின் குற்றமன்று. ஆய்வின் சமூக ஒழுங்கமைப்பின் குற்றம்.

3. ஓர் ஐரோப்பியச் செடியின் பயணம்

செடியொன்று மருந்தாவதற்கு எத்தகைய பாதையைக் கடத்தல் வேண்டும் என்பதை அறிய ‘கலேகா ஒப்பிசினாலிஸ்’ என்னும் ஐரோப்பியச் செடியின் வரலாறு உதவும். இடைக்கால ஐரோப்பியர் காய்ச்சலுக்கும் கொள்ளை நோய்க்கும் பூச்சிக்கும் இதனைப் பயன்படுத்தினர். அது தொன்றுதொட்டு நீரிழிவு மருந்தாகவே விளங்கிற்று எனச் சிலர் கூறுவது, பிற்கால வெற்றியை முற்காலத்தின்மீது ஏற்றிவைக்கும் வாசிப்பாகவே எமக்குத் தோன்றுகின்றது. மேயும் கால்நடைகளுக்கு அச்செடி நஞ்சாதலும் அறியப்பட்டிருந்தது.

1914 இல் பிரான்சின் தன்ரே அதிலிருந்து ‘கலேகின்’ என்னும் பொருளைப் பிரித்தார். அது குவனிடீன் என்னும் சேர்மத்தோடு உறவுடையது. 1918 இல் வட்டனபே, குவனிடீன் முயல்களின் குருதிச் சர்க்கரையைக் குறைத்தலைக் கண்டார். ஆனால் அது நச்சுத்தன்மையுடையது. 1926 இல் ஜெர்மனியில் வெளிவந்த ‘சிந்தலின்’ என்னும் தொடர்புடைய மருந்து உறுப்புகளுக்குத் தீங்கு விளைத்தமையாற் கைவிடப்பட்டது. இதற்கு முன்னரே, 1922 இல், டப்ளினில் வேணரும் பெல்லும் மெட்போர்மின் என்னும் சேர்மத்தை ஆக்கியிருந்தனர். ஆயின் அவர் நோக்கம் மருந்தன்று. இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டமையால் இம்முயற்சிகள் பின்தள்ளப்பட்டன. 1957 இலேயே பாரிசில் ஜோன் ஸ்ரேண் மெட்போர்மினை நீரிழிவு மருந்தாக அறிவித்தார். அடுத்த ஆண்டில் அது பிரித்தானியாவிற் பயன்பாட்டுக்கு வந்தது. அதன் உறவினமான பென்போர்மின், குருதியில் இலற்றிக் அமிலத்தைப் பெருக்கி உயிராபத்தை விளைத்தமையால் 1970 களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் நீக்கப்பட்டது. மெட்போர்மினுக்கு அமெரிக்கா 1994 இறுதியிலேயே அனுமதி வழங்கியது. 1998 இல் பிரித்தானியாவில் நிறைவுற்ற நீண்டகால ஆய்வின் பின்னர் அது உலகின் முதன்மை நீரிழிவு மாத்திரையாயிற்று.

இவ்வரலாறு இரு உண்மைகளை உணர்த்துகின்றது. முதலாவது, இன்று மாத்திரையிலுள்ளது அச்செடியின் சாறன்று. செடி ஒரு தடயத்தை மட்டுமே தந்தது. இரண்டாவது, நஞ்சைக் கண்டறிந்து விலக்கிய தோல்விகளே மருந்தைப் பயன்படத்தக்கதாக்கின. ‘இயற்கையானது, ஆகவே தீங்கற்றது’ என்ற கூற்றுக்கு அச்செடியை மேய்ந்து மடிந்த ஆடுகளே மறுப்பாகும்.

4. வேலிக் கோவையும் காட்டுக் கொடியும்

இனி எமது வேலிக்குத் திரும்புவோம். கல்கத்தாவில் சோப்ராவும் போசும் கோவையை நோயாளருக்குக் கொடுத்துப் பார்த்து 1925 இல் முடிவை வெளியிட்டனர். பயனெதுவுமில்லை என்பதே அம்முடிவு. இந்திய மூலிகைகளின் ஆய்வுக்குத் தம் வாழ்நாளை வழங்கிய சோப்ரா, மரபின்மீதுள்ள பற்றினாலே முடிவை மாற்றியெழுதவில்லை என்பது போற்றத்தக்கது. 1980 இல் பங்களாதேச ஆய்வாளர், யாருக்கு மருந்து, யாருக்கு வெற்று மருந்து என்பது நோயாளிக்கும் வைத்தியருக்கும் தெரியாத முறையில் நடத்திய ஆய்வில் கோவையிலை பயன்தருவதாகக் கண்டனர். 2008 இல் பெங்களூரில் 60 நோயாளரிடையே 90 நாட்கள் நிகழ்ந்த ஆய்வு, வெறுவயிற்றுச் சர்க்கரை ஏறத்தாழ 16 சதவீதம் குறைந்ததாகக் காட்டியது. ஒரே செடி, 1925 இல் இல்லை என்ற விடை, பின்னர் உண்டு என்ற விடை. இலையா வேரா, சாறா பொடியா, எவ்வளவு, எத்தகைய நோயாளர் என்பன வேறுபடுகையில் விடையும் வேறுபடும். இதனைத் தீர்க்கப் பெரிய, நீண்டகால ஆய்வுகள் தேவை. அவற்றை நடத்த யார் முன்வருவர்? வேலியிலே இலவசமாகக் கிடைக்கும் இலையில் மூலதனத்துக்கு இலாபமில்லை. இலாபமில்லாத வினாவை முதலாளித்துவ மருந்துத் தொழில் கேட்பதில்லை. கோவையின் பயன் நிறுவப்படாதிருப்பதற்கும், அதன் பயனின்மை நிறுவப்படாதிருப்பதற்கும் காரணம் ஒன்றே.

கொத்தல ஹிம்புட்டின் கதை இதன் மறுபுறமாகும். அதன் தண்டைக் குடைந்து செய்த குவளையில் இரவு முழுவதும் நீரை ஊறவைத்துக் காலையிற் பருகுதல் இலங்கைக் கிராமத்து வழக்கம். 1997 இல் யப்பானின் கியோத்தோவைச் சேர்ந்த ஆய்வாளர் அதிலிருந்து ‘சலசினோல்’ என்னும் சேர்மத்தைப் பிரித்து அதன் அமைப்பினை வெளியிட்டனர். அடுத்த ஆண்டில் ‘கொத்தலனோல்’ வெளிவந்தது. மாப்பொருள் குடலிலே சர்க்கரையாக உடைதற்கு உதவும் நொதியத்தை இவை தடுக்கின்றன. எனவே உணவின் பின்னர் குருதியிலே சர்க்கரை விரைந்தேறுதல் தணிகின்றது. இரண்டாவது சேர்மத்தின் பெயரிலே சிங்களக் கிராமத்தவரின் சொல் ஒலிக்கின்றது என்பதைக் கவனித்தல் வேண்டும். பெயரில் அவர்கள் எஞ்சினர், உடைமையில் எஞ்சவில்லை. இக்கொடியின் செயற்பாட்டுக்குக் காரணமான சேர்மம் தொடர்பாக 2002 இல் யப்பானிய நிறுவனமொன்று அமெரிக்காவில் ஆக்கவுரிமை பெற்றது.

இலங்கை ஆய்வாளரும் வாளாவிருக்கவில்லை. 51 நோயாளருக்கு மும்மாதம் கொத்தல ஹிம்புட்டுத் தேநீரையும் மும்மாதம் வெற்றுத் தேநீரையும் மாற்றிக் கொடுத்து அவர்கள் நடத்திய ஆய்வு 2005 இல் வெளியாயிற்று. மும்மாதகாலச் சர்க்கரை நிலையைக் காட்டும் குருதிக் குறிகாட்டி, மூலிகைத் தேநீர் பருகிய காலத்திற் குறைந்திருந்தது. குறைவு பெரிதன்று, ஆனால் முறையாக நிறுவப்பட்டது. இத்தகைய ஆய்வே மரபுக்கு நாம் செலுத்தக்கூடிய உண்மையான மரியாதை. அதேவேளை, மெதுவாக வளரும் இக்காட்டுக்கொடி சந்தையின் வேட்கையால் அருகிவருகின்றது. சந்தை ஒரு செடியைப் புறக்கணித்தாலும் தீங்கு; விரும்பினாலும் தீங்கு.

5. உடைமையும் பொறுப்பும்

நாவல், சிறுகுறிஞ்சா, பாகல், கத்தரி ஆகியவற்றுள் இரண்டேனும் சேர்ந்த கலவையை நீரிழிவுக்குப் பயன்படுத்துதல் தொடர்பாக 1999 மே மாதத்தில் அமெரிக்காவில் ஆக்கவுரிமையொன்று வழங்கப்பட்டது. இந்திய உபகண்டத்துச் சமையலறை ஒவ்வொன்றும் அறிந்த பொருள்கள் இவை. நாட்டுப்பற்றாளர் பலர் இதனைக் கிழக்கின்மீது மேற்கு நிகழ்த்திய கொள்ளையென வருணித்தனர். அது முழு உண்மையன்று. அவ்வுரிமையைக் கோரியோருள் இந்திய வம்சாவளியினரும் இருந்தனர். மூலதனத்துக்கு நாடில்லை, அது எந்நாட்டார் கையாலும் பொதுவுடைமையைத் தனியுடைமையாக்கும். செகராசசேகரன் பெயர் சூடிய ஏட்டுக்கும் நிறுவனத்தின் பெயர் சூடிய ஆக்கவுரிமைக்கும் இடையே வேறுபாடு உண்டு. மன்னன் தன் பெயரைப் பொறித்தான். ஆயினும் பரியாரி குடிநீர் காய்ச்சுவதைத் தடுக்கவில்லை. ஆக்கவுரிமையோ தடுப்பதையே தனது சாரமாகக் கொண்டது.

இவ்வறிவை ஓரினத்தின் உடைமையாக்கும் முயற்சியையும் நாம் ஏற்றல் இயலாது. கொத்தல ஹிம்புட்டுக் குவளையிற் பருகிய சிங்கள விவசாயியும், பொன்கொரண்டி வேரை இடித்த தமிழ் வைத்தியரும், யூனானி முறையைக் கையாண்ட முஸ்லிம் ஹக்கீமும் ஒருவரிடமிருந்தொருவர் கற்றனர். மூலிகைக்குத் தாய்மொழியில்லை. அதன் ஆசிரியர் உழைக்கும் மக்கள் கூட்டமே.

ஆனால் கூட்டு உடைமை என்பது கூட்டுப் பொறுப்பையும் உள்ளடக்கியது. மக்களின் அறிவு என்பதனாலேயே அது சரியெனக் கொள்ளுதல் மக்களை மதித்தலாகாது, ஏமாற்றுதலாகும். இன்சுலினிலேயே உயிர் தங்கியிருக்கும் நோயாளியொருவரை ‘இலைச்சாறு போதும், ஊசியை நிறுத்துக’ என்று கூறி மரணத்தின் வாயிலுக்கு அனுப்பும் விளம்பர வைத்தியம் மரபின் பெயராலேயே நிகழ்கின்றது. இன்றுவரை ஆராயப்பட்ட எம்மூலிகையும் இன்சுலினுக்கு ஈடாக நிறுவப்படவில்லை. இவ்வுண்மையை உரக்கக் கூறாத மரபுப் போற்றுதல், சுரண்டலின் மற்றொரு முகமேயாகும்.

இன்சுலினின் வரலாறும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. 1921 இல் ரொறன்ரோவிலே அது கண்டுபிடிக்கப்பட்டது. 1922 ஜனவரியிலே பதினான்கு வயதுச் சிறுவனொருவனுக்கு முதன்முதலில் ஏற்றப்பட்டது. அதன் ஆக்கவுரிமையைத் தலா ஒரு டொலருக்கு ஆய்வாளர் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தனர். அவ்வாறு பொதுமைக்கென வழங்கப்பட்ட மருந்து நூறாண்டின் பின்னரும் உலகின் வறியவர் பலருக்கு எட்டாதிருப்பது, தனிமனிதரின் நற்குணம் உற்பத்தி உறவுகளை மாற்றிவிடாது என்பதை உணர்த்தும். எமது நாட்டிலே இலங்கைப் பல்கலைக்கழகத்தின் மருந்தியற் பேராசிரியராயிருந்த சேனக பிபிலே இவ்வுறவுகளையே மாற்ற முனைந்தார். 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அவர் தலைமையில் நிறுவப்பட்டது. வணிகப் பெயர்களை விடுத்துப் பொதுப்பெயரால் மருந்துகளை வாங்கி மலிவாக வழங்குதல் அதன் கொள்கை. பிபிலே 1977 இல் கயானாவிற் காலமானார். அவர் வகுத்த பாதை முழுமையாகப் பின்பற்றப்படவில்லை. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் அத்தியாவசிய மருந்துகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபொழுது, அவரது வினாவின் கூர்மையை நாடு மீண்டும் உணர்ந்தது. மருந்தகத்திலே மாத்திரையில்லாதவர் வேலியை நோக்குதல் அறியாமையன்று, வேறு வழியின்மை.

சீனத்து அனுபவமொன்று எமக்கு வழிகாட்டக்கூடும். 1967 இல் தொடங்கிய மலேரியா மருந்து ஆய்வுத் திட்டத்திலே பணியாற்றிய தூ யூயூ, நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த கே ஹொங்கின் மருத்துவ நூலிலே மூலிகையைக் காய்ச்சாது நீரில் ஊறவைத்துப் பிழியக் கூறியிருப்பதைக் கவனித்தார். வெப்பமே மருந்தைக் கெடுக்கின்றது என அவர் ஊகித்தார். குறைந்த வெப்பநிலையிற் பிரித்தெடுத்தபொழுது ஆட்டிமிசினின் கிடைத்தது. 2015 இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஏட்டை ஊன்றி வாசிக்கும் இலக்கியப் பயிற்சியும் ஆய்வுகூடமும் பொதுநிதியும் ஒன்று சேர்ந்ததன் விளைவு அது. நூலை வழிபட்டிருந்தாலும் அது கிடைத்திராது. நூலை எள்ளி நகையாடியிருந்தாலும் கிடைத்திராது.

எனவே எமது பல்கலைக்கழகங்களின் முன்னுள்ள பணி தெளிவானது. தமிழ்த் துறையினர் வாகடங்களைத் திறனாய்வு முறையிற் பதிப்பித்து, நோய்ப்பெயர், செடிப்பெயர், பக்குவம் ஆகியவற்றைக் காலவாரியாக விளக்குதல் வேண்டும். 1984 இலிருந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் பயிற்றப்படும் சித்த மருத்துவமும், மேலைத்தேய மருத்துவ பீடங்களும் தம்மிடையேயுள்ள மதிலை நீக்கிப் பொதுநிதியிலே கூட்டாய்வு நிகழ்த்துதல் வேண்டும். முடிவு சாதகமாயினும் பாதகமாயினும் அது தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடப்படுதல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் அறுபதுகளில் மானிப்பாயிலே மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்த கிறீன் வைத்தியருக்கு இயன்றது எமக்கு இயலாதென்பது பொருந்தாது. கோவை பற்றிய ஆய்வு ஆங்கில ஏட்டிலே உறங்க, கோவையை அரைத்துக் குடிப்பவர் அதன் அளவையும் ஆபத்தையும் அறியாதிருத்தல், அறிவை ஆக்கியவரிடமிருந்தே அறிவை மறைத்தலாகும்.

மருந்தின் ஆசிரியர் யார் என்ற வினாவுடன் தொடங்கினோம். செடியைக் கண்டவர், கசப்பைச் சுவைத்தவர், நஞ்சுண்டு மடிந்தவர், ஏட்டிலெழுதியவர், ஆய்வுகூடத்திலே பிரித்தவர், ஆய்வுக்குத் தம் உடலை ஒப்புவித்த நோயாளர் ஆகிய அனைவரும் அதன் ஆசிரியரே. ஆசிரியர் பலராயிருக்க உடைமையாளர் ஒருவராயிருத்தலே இன்றைய முரண்பாடு. அம்முரண்பாடு நீங்கும் நாளிலேயே வேலியோரக் கோவை மருந்தா அன்றா என்பதற்கு நேர்மையான விடை கிடைக்கும்.